மழை இறங்க மண் வேண்டும்

நுழையும் முன்

வீட்டின் முன்னே சிறிது நிலம் இருந்தாலும், பால்கனியில் நான்கு தொட்டிகளுக்கு மட்டுமே இடம் இருந்தாலும், தோட்டம் அமைக்கத் திட்டம் தேவை. எந்தச் செடியை நடுவது என்பதற்கு முன்பே, தரையில் எதனைப் பரப்புவது, எவ்வளவு இடத்தைப் பரப்பாமல் விடுவது என்ற கேள்வி எழுகிறது. செம்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அக்கேள்வியை ஆராய்கிறது.

தோட்டப் புறநகரும் குப்பை இரயிலும்

மும்பையின் கிழக்குப் புறநகர்களுள் ஒன்று செம்பூர். தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. 1906ஆம் ஆண்டு குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஓர் ஒற்றை இரயில் பாதை போடப்பட்டது. நகரத்தின் குப்பையை ஏற்றிச் செல்வதே அப்பாதையின் முதல் வேலை. 1924ஆம் ஆண்டில்தான் பயணிகள் அதில் செல்லத் தொடங்கினர். 1927ஆம் ஆண்டு முதல் அருகிலுள்ள தேவனாரில் நகரின் குப்பை குவிந்து வந்தது. அதே காலத்தில் செம்பூரில் சாலைகள் அமைந்தன. 1930களில் வீடுகள் எழுந்தன. சுற்றிலும் நிலம் விட்டுக் கட்டப்பட்ட சிறு பங்களாக்களும் சாலையோர மரங்களும் செம்பூருக்குப் பசுமையான புறநகர் என்ற பெயரைத் தந்தன.

நகரத்தின் வசதியும் கிராமத்தின் பசுமையும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்னும் எண்ணத்தை 1898ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் என்பவர் ஒரு நூலாக எழுதினார். ‘தோட்ட நகரம்’ என்று அவ்வெண்ணம் பெயர் பெற்றது. உலகின் பல நகரங்களில் புறநகர்த் திட்டங்களுக்கு அது வழிகாட்டியது. ஆனால் நிலத்தின் விலை ஏறிய மும்பையில் அடுக்குமாடி வீடுகளே பெருகின. தமிழர் மிகுதியாகக் குடியேறிய மாதுங்கா முதலிய பகுதிகளின் வரலாற்றை ஆராய்ந்த நிகில் ராவ், 2013இல் வெளியான தம் நூலுக்கு ‘வீடு உண்டு, தோட்டம் இல்லை’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பையே சூட்டினார். அத்தலைப்பு இன்றைய செம்பூருக்கும் பொருந்தி வருகிறது. பழைய பங்களாக்களும் மூன்று மாடிக் கட்டடங்களும் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் உயர்ந்த கட்டடங்கள் எழுகின்றன. முன்பு கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நின்ற தரையில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. எஞ்சிய சிறு நிலத்தையும் சிமெண்டால் மூடிவிடும் வழக்கம் வளர்ந்து வருகிறது.

இவ்வழக்கம் மாற வேண்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழிவிடுவதே வீட்டுத் தோட்டத்தின் முதற்கடமை. அழகும் நிழலும் பூவும் காயும் அதன்மேல் அமைய வேண்டியவை. செடி பட்டுப்போனால் மறு ஆண்டு வேறொன்றை நடலாம். சிமெண்டால் மூடிய தரையைத் திறப்பது எளிதன்று.

ஒரு கணக்கு

மும்பையில் ஓர் ஆண்டில் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. ஒரு கட்டடத்தின் முற்றம் 50 சதுர மீட்டர் என்று கொள்வோருக்கு ஒரு சிறு கணக்குப் போதும். 2,000 மில்லிமீட்டர் என்பது 2 மீட்டர். 50 சதுர மீட்டர் பரப்பில் 2 மீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அது 100 கன மீட்டர். அதாவது 1,00,000 லிட்டர். முற்றம் முழுவதும் சிமெண்டாக இருந்தால் இவ்வளவு நீரும் தெருவுக்கே ஓடும். பாதியளவு மண்ணாக விடப்பட்டால் அதில் ஒரு பங்கேனும் தரைக்குள் இறங்கும். அங்குள்ள மரம் அதைக் கொண்டு கோடையைக் கடக்கும்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய பெருமழையை வீட்டுத் தோட்டங்கள் தடுத்துவிடும் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் ஆண்டுதோறும் பெய்யும் வழக்கமான மழையில், தெருவில் முழங்கால் அளவு நிற்கும் நீரைச் சற்றேனும் குறைப்பது ஒவ்வொரு முற்றத்தின் கையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நீர் குறைவான நிலத்தில் பிறந்த அப்பாடம் நீர் மிகுந்த மும்பைக்கும் உதவக்கூடியதே.

முதலில் பார்த்தல்

தோட்டம் அமைப்போர் பலர் முதலில் நர்சரிக்குச் செல்கின்றனர். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் செடிகளை வாங்கி வருகின்றனர். இரண்டு மாதத்தில் அவற்றுட் பாதி வாடிவிடுகிறது. செடியின்மேல் குற்றம் இல்லை. இடத்தைப் பாராமல் வாங்கியதே குற்றம். ஆகவே ஒரு வாரம் எதையும் வாங்காமல் பார்த்தலே முதற்பணி. ஒரு தாளில் இடத்தின் படத்தை வரைய வேண்டும். காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி என மூன்று வேளைகளில் வெயில் எங்கே விழுகிறது என்று அதில் குறிக்க வேண்டும். குழாய் எங்கே இருக்கிறது, மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது, மக்கள் எவ்வழியே நடக்கின்றனர் என்பனவும் படத்தில் இடம்பெற வேண்டும்.

திசையும் முக்கியமானது. குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய பால்கனிக்கு அக்காலத்தில் நல்ல வெயில் கிடைக்கும். வடக்கு நோக்கிய பால்கனிக்கு நேர் வெயில் குறைவு. கிழக்கில் இளவெயிலும் மேற்கில் கடும் வெயிலும் விழும். தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றிற்கு நாள்தோறும் ஏறத்தாழ ஆறு மணி நேர வெயில் தேவை. கீரைகள் நான்கு மணி நேர வெயிலிலும் வளரும். வெயில் குறைந்த இடத்திற்கு வெற்றிலைக்கொடி ஏற்றது. எதிரே உயர்ந்த கட்டடம் ஒன்று எழுந்தால் திசைக் கணக்கெல்லாம் மாறிவிடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஊர்த் தோட்டமும் செம்பூர்த் தோட்டமும்

விடுமுறையில் தமிழ்நாட்டிற்குச் சென்று திரும்பும் குடும்பங்கள், தாத்தா பாட்டி வீட்டின் கொல்லைப்புறத்தை மனத்தில் சுமந்து வருகின்றன. முருங்கை, வாழை, மல்லிகை, அவரைப் பந்தல் என்று அங்கிருந்தவை அனைத்தும் இங்கும் வேண்டும் என்னும் ஆசை இயல்பானது. விதைப் பொட்டலமும் முருங்கைப் போத்தும் இரயிலில் ஏறி வருவதும் உண்டு. ஆனால் செடி மனிதரைப் போன்று வந்த ஊரின் வழக்கங்களை எளிதில் கற்றுக்கொள்வதில்லை.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டு உழவரின் பழமொழி. அங்கே ஆடியில் விதைத்த பயிருக்குப் பின்வரும் மாதங்களின் மழை துணை செய்யும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வலுக்கும். மும்பையிலோ ஆடி மாதம் பெருமழைக் காலம். அப்போது தொட்டியில் தூவிய கீரை விதை நீரில் மூழ்கி அழுகும். முளைத்த நாற்றும் மழையின் அடியில் சாயும். எனவே செம்பூரில் கீரைக்கும் தக்காளிக்கும் மழை ஓய்ந்த புரட்டாசி இறுதியும் ஐப்பசியும் ஏற்ற காலம். மரக்கன்றை நடுவதற்கு மட்டும் மழையின் தொடக்கம் நல்லது. ஊரின் செடியைக் கொண்டு வரலாம். ஊரின் நாட்காட்டியை அப்படியே கொண்டு வருதல் கூடாது. அக்கம்பக்கத்து மராட்டியக் குடும்பங்கள் எப்போது எதை நடுகின்றன என்று கேட்டறிவதில் தாழ்வு ஒன்றும் இல்லை. அவர்கள் ‘ஷேவ்கா’ என்பதும் முருங்கையே. ‘கடீபத்தா’ என்பதும் கறிவேப்பிலையே. அவர்கள் வீட்டு வாயிலிலும் துளசி மாடம் உண்டு.

தொட்டியும் மண்ணும்

நிலம் இல்லாதோர்க்குத் தொட்டியே தோட்டம். அங்கும் நீருக்கு வழிவிடுதல் என்ற அதே விதி உண்டு. அடியில் துளை இல்லாத தொட்டியில் நீர் தேங்கி வேர் அழுகும். துளையின்மேல் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை வளைவு மேல்நோக்கி இருக்குமாறு வைத்தால், மண் வெளியேறாமல் நீர் மட்டும் இறங்கும்.

சுட்ட மண் தொட்டி காற்றையும் ஈரத்தையும் மெல்ல ஊடுருவ விடும். வேருக்கு அது நல்லது. தாராவியின் கும்பார்வாடாவில் குயவர்கள் இன்றும் மண்கலங்களைச் செய்து விற்கின்றனர். அருகிலேயே கிடைக்கும் அத்தொட்டியை விட்டுத் தொலைவிலிருந்து வரும் பளபளப்பான தொட்டியைத் தேட வேண்டியதில்லை. நெகிழித் தொட்டி இலேசானது, விலை குறைந்தது. ஆனால் சில ஆண்டு வெயிலில் வெளிறி உடையும். சிமெண்ட் தொட்டி நீடித்து உழைக்கும். ஆனால் அதன் எடை மிகுதி.

எடையைப் பற்றிய கவனம் உயிரைக் காக்கும் கவனமாகும். ஒரு கன அடி நனைந்த மண் ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஓர் அடி உயரத்திற்கு மண்ணை நிரப்பினால் 500 கிலோவைத் தாண்டிவிடும். இந்தியத் தரநிலையின்படி குடியிருப்பு வீட்டுப் பால்கனி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. அந்த 300 கிலோவில் அங்கு நிற்கும் மனிதரின் எடையும் அடங்கும். கடற்காற்றினால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்த பழைய கட்டடத்தில் அவ்வளவு வலிமையையும் எதிர்பார்த்தல் கூடாது. ஆகையால் தொட்டிகளைச் சுவரை ஒட்டி வைத்தல் வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தல் அறவே கூடாது. மொட்டைமாடியில் பெரிய தோட்டம் அமைப்போர் கட்டடப் பொறியாளரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

எடையைக் குறைக்கும் வழியும் உண்டு. கொங்கணத்துச் செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு எனக் கலந்தால் தொட்டி இலேசாகும். தென்னைநார்க் கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். பொள்ளாச்சிப் பகுதியில் முன்பு வீணாகக் குவிந்து கிடந்த அப்பொருள் இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாடுகளுக்கும் செல்கிறது.

மட்கிய உரத்தைக் கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. காய்கறித் தோலும் பழத்தோலும் தேயிலைச் சக்கையும் காய்ந்த இலையோடு அடுக்கடுக்காக ஒரு துளையிட்ட மண்பானையில் இடப்பட்டால், இரண்டு மூன்று மாதங்களில் கருமையான உரம் கிடைக்கும். மும்பைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் உணவுக்கூட மொட்டைமாடியில் பிரீத்தி பாட்டீல் என்ற அலுவலர் உடன் பணியாற்றியோரோடு சேர்ந்து சமையற் கழிவையே மண்ணாக்கிக் காயும் கனியும் விளைவித்தார். 2016 ஜனவரியில் தேவனார்க் குப்பை மலையில் தீப்பற்றியபோது சுற்றுவட்டாரத்தில் புகை சூழ்ந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அம்மலைக்குச் செல்லும் குப்பையில் சமையலறைக் கழிவும் ஒரு பெரும்பங்கு. ஒரு வீட்டின் பானையால் ஒரு மலை குறையாது என்பது உண்மையே. எனினும் தோட்டத்திற்கு உரமாக வேண்டியதைப் புகையாக்க அனுப்புவதில் அறிவுடைமை இல்லை.

தரைக்கு ஏற்ற கல்

நிலம் உள்ளோர் நடைபாதைக்கு எதைப் பரப்பலாம் என்று எண்ணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம். அப்பொருள் நீரை இறங்க விடுமா? மழையில் கால் வழுக்காமல் இருக்குமா? அருகிலிருந்து கிடைக்குமா?

முழுவதும் ஊற்றிய சிமெண்ட் தளம் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. மெருகேற்றிய கிரானைட்டும் வழவழப்பான ஓடும் இரண்டாம் கேள்வியில் தோற்கின்றன. மும்பையில் பரவலாகக் கிடைக்கும் ஷாஹாபாத் கல், கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கத்திலிருந்து வருவது. அதைச் சொரசொரப்பான முகம் மேலே இருக்குமாறு, கல்லுக்கும் கல்லுக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, மணற்படுகையின்மேல் பதிக்கலாம். இடைவெளியில் புல் முளைக்கும், நீரும் இறங்கும். கொங்கணத்தில் வெட்டப்படும் செம்புரைக்கல் நடைபாதை ஓரத்திற்கும் சிறு பாத்திகளின் கரைக்கும் பொருத்தமானது. பேவர் பிளாக் எனப்படும் சிமெண்ட் கற்களையும், இடையில் சாந்து பூசாமல் மணலிட்டுப் பதித்தால் ஓரளவு நீர் இறங்கும்.

இடிக்கப்படும் பழைய வீடுகளின் செங்கலும் மங்களூர் ஓடும் தோட்டத்திற்குக் கிடைக்கும் அரிய பொருள்கள். உடைந்த செங்கலை நடைபாதையின் அடிப்படுகையாக இடலாம். ஓடுகளைச் செங்குத்தாகப் புதைத்துப் பாத்திக்கு வரம்பு கட்டலாம். ஆற்று மணலையும் ஆற்றுக் கூழாங்கல்லையும் அழகுக்காக மூட்டை மூட்டையாக வாங்குவது தவிர்க்கத்தக்கது. பாலாறும் காவிரியும் மணற்கொள்ளையால் அடைந்த துன்பத்தைத் தமிழர் அறிவர். ஒரு முற்றத்தின் அழகுக்காக மற்றோர் ஆற்றின் மடி சுரண்டப்படுதல் முறையன்று.

அளவிலும் கவனம் வேண்டும். நடைபாதை மூன்று அடி அகலம் இருந்தால், சக்கர நாற்காலியில் வரும் முதியவரும் எளிதில் செல்லலாம். பாதை சுவரிலிருந்து விலகிச் சாய வேண்டும்; ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு போதும். மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடுதல் வேண்டும். 2013ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை உள்ள சிமெண்டை அகற்றுமாறு ஆணையிட்டது. வேருக்கும் மூச்சு உண்டு என்பதற்கு அவ்வாணை ஒரு சான்று.

மறுப்பவர் கூற்று

தரையை மூட வேண்டும் என்பாரின் கூற்றிலும் பொருள் உண்டு. மண்தரை மழையில் சேறாகிறது. முதியோர் வழுக்கி விழுகின்றனர். நீர் தேங்கினால் கொசு பெருகி டெங்கும் மலேரியாவும் பரவுகின்றன. வண்டி நிறுத்த இடம் போதவில்லை. இவை பொய்க் காரணங்கள் அல்ல. நாள்தோறும் அவ்வழியே நடப்போரின் துன்பம் அவற்றில் இருக்கிறது.

ஆயினும் ஒவ்வொன்றிற்கும் முழு மூடலைத் தவிர வேறு வழி உண்டு. நடக்கும் பாதைக்கு மட்டும் கல் பதித்தால் சேறு காலில் ஒட்டாது. புல்லோ இலைச்சருகோ போர்த்திய மண்ணில் சேறு குறையும். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். பள்ளங்களை நிரப்பி, தொட்டியின் கீழ்த் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டால் அதன் வளர்ச்சி தடைப்படும். சாந்து பூசிய தரையிலும் பள்ளம் இருந்தால் நீர் தேங்கவே செய்கிறது. வண்டிச் சக்கரம் உருளும் இரு தடங்களுக்கு மட்டும் கல் பதித்து நடுவே புல் விடுவது இன்னொரு வழி. செலவும் இவ்வழியில் குறையும். மூடாத இடத்திற்குக் கல் வாங்க வேண்டியதில்லை.

இளையோரின் பங்கு

முற்றத்தை என்ன செய்வது என்னும் முடிவு, சொசைட்டிக் கூட்டத்தில் பெரியவர்களால் எடுக்கப்படுகிறது. அக்கூட்டத்தில் பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. ஆனால் மூடப்பட்ட தரையோடு நீண்ட காலம் வாழப் போவோர் அவர்களே. வெயிலின் வழியைக் குறித்த ஒரு படமும், மழைநீரின் அளவைக் காட்டும் ஒரு கணக்கும் அவர்கள் கையில் இருந்தால், பெரியவர்களும் கேட்பர். வேண்டுகோளைக் காட்டிலும் கணக்கிற்கு மதிப்பு மிகுதி.

வந்த ஊரில் வேர் ஊன்றுதல் என்று புலம்பெயர்ந்தோரைப் பற்றிச் சொல்வதுண்டு. வேர் ஊன்ற முதலில் திறந்த மண் வேண்டும். செம்பூரின் ஒரு முற்றத்தில் நான்கு அடிக்கு நான்கு அடி மண்ணைச் சிமெண்டிலிருந்து காத்து, அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டு வளர்க்கும் பிள்ளை, அடுத்த ஆண்டின் முதல் மழை அவ்விடத்தில் ஓடாமல் இறங்குவதைத் தன் கண்ணாலேயே காணலாம்.

சிந்தித்து எழுதுக

1. குர்லா – செம்பூர் இரயில் பாதை முதலில் எதற்காகப் போடப்பட்டது?
2. ஆடிப்பட்டம் மும்பைத் தொட்டித் தோட்டத்திற்குப் பொருந்தாமைக்குக் காரணம் யாது?
3. உங்கள் கட்டடத்தின் முற்றத்தை அளந்து, ஓர் ஆண்டில் அதன்மேல் விழும் மழைநீரின் அளவைக் கணக்கிடுக.
4. தரையை முழுவதும் மூட வேண்டும் என்பாரின் காரணங்களுள் உங்களுக்கு வலிமையாகத் தோன்றும் ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கு உங்கள் விடையைப் பத்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் வீட்டில் வெயில் விழும் இடங்களை மூன்று வேளைகளில் பார்த்துப் படம் வரைக. அங்கு வளரக்கூடிய இரண்டு செடிகளின் பெயர்களைத் தமிழிலும் மராட்டியிலும் எழுதுக.